நம்பர் குடுத்த கேட்டு

ஒரு ஊர்ல ஒரு ரயில்வே கேட்டு. அது சாத்தியிருந்துச்சு. கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆட்டோ. ஆட்டோவுக்குள்ள உன் ஆச்சி. ஆச்சி கால்ல பாம்பு கடிச்ச தடம். ஆஸ்பத்திரி கேட்டுக்கு அந்தப் பக்கம்.

"ம்."

ராஜா ராணி கதையெல்லாம் உன் சித்திக்குத் தெரியாது. நாலு நாளா மத்தியானம் தூங்காம, தாத்தா எங்கே, தாத்தா எங்கேன்னு உசுரை வாங்குறேல்ல, அதான் இது. ம் மட்டும் கொட்டு, தர்ஷா.

விறகு எடுக்கப் போன ஆச்சி "ஐயோ"ன்னா. சர்ர்ருன்னு ஒண்ணு ஓடுச்சு. கண்ணாடி விரியன். தாத்தா செருப்புக்கூடப் போடாம ஓடி ஆட்டோ பிடிச்சாரு. நானும் ஏறிக்கிட்டேன். ஆச்சி தலை தாத்தா மடியில. டுர்ர்ர்ருன்னு போனோம். அப்போதான் கேட்டு.

ஆட்டோக்கார ஜெயசிங் பாம், பாம்னு அடிச்சான். யாரும் வரல. அப்போ திரும்பி, "அண்ணாச்சி, முப்பத்தோரு வருஷம் நீரு பார்த்த கேட்டுதானே? ஒரு வார்த்தை சொல்லும், திறந்திருவான்"னான்.

தாத்தா தலையை வெளியே நீட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. "முப்பிடாதி, நம்பர் குடுத்துட்டியா?"

நம்பர்னா என்னன்னு கேளு. ரயிலை விடுறதுக்கு முன்னாடி ஸ்டேஷன்லேருந்து கேட்டுக்குப் போன் வரும். கேட்டுக்காரரு கேட்டைச் சாத்திட்டு ஒரு ரகசிய நம்பர் சொல்லணும். அதை எழுதிக்கிட்டுதான் அங்கே ரயிலை விடுவாங்க. நம்பர் குடுத்துட்டா அப்புறம் கேட்டு உன்னுது இல்ல, ரயிலோடது. இப்போ கேட்டைப் பார்க்கிற முப்பிடாதிக்கு இதைச் சொல்லிக் குடுத்ததே தாத்தாதான்.

"ம்."

அப்புறம் முப்பிடாதி ஓடி வந்தான். கையில சாவி கிலுகிலுங்குது. "மதினிக்கு என்னாச்சு அண்ணாச்சி? நம்பர் குடுத்துட்டேன். திரும்பப் போன் போட்டேன், வண்டி கிளம்பிருச்சாம். ஆனா சத்தமே இல்ல. நீங்க சொல்லுங்க, திறந்திருதேன். வேலை போனா மயிராச்சு."

"திறக்காதே."

அப்புறம் நான். அப்பா சட்டையைப் பிடிச்சேன், ஆமா, பிடிச்சேன். "யப்பா, அம்மா செத்துருவாப்பா! சொல்லித் தொலைப்பா!" அவர் என்னைப் பார்க்கல. தண்டவாளத்தைப் பார்த்தாரு. "தூக்கிட்டாவது குனிஞ்சு போயிருவோம்"னேன். "சாத்துன கேட்டுக்குள்ள யாரும் போகக்கூடாது"ன்னாரு. ஆச்சிக்கு வாயோரம் ரத்தம் கசிஞ்சுது. அதைத் துண்டால துடைச்சாரு. துண்டை மடிச்சு மடிச்சுத் துடைச்சாரு, திறன்னு மட்டும் சொல்லல.

யாரு இவரு? மீன் குழம்புன்னா நடுத்துண்டை ஆச்சி தட்டுல வைக்கிறவரு. ஆச்சிக்குக் காய்ச்சல்னா எனக்கு ரெட்டைச் சடை பின்னி, கோணலாத்தான் பின்னுவாரு, பள்ளிக்கூடம் அனுப்புனவரு. ஒரு தீபாவளிக்கும் லீவு கிடைக்காம, ரிட்டயர் ஆன அன்னைக்குக் கொடியையும் விளக்கையும் ஒப்படைச்சுட்டு வந்து, "கோமு, இனி உன்னை விட்டு எங்கேயும் போகமாட்டேன்"னவரு. அதே ஆளு. எனக்கு இப்போ வரைக்கும் நம்ப முடியல.

பதினோரு நிமிஷம். நான் செல்லுல பார்த்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் தூரத்துல பூம்ம்ம்... தடக் தடக் தடக். வந்துது பாரு. வெறும் எஞ்சின்! ஒரு பெட்டிகூட இல்ல. எனக்குச் சிரிப்பு வந்துச்சு தர்ஷா. அப்படி ஒரு சிரிப்பு யாருக்கும் வரக்கூடாது.

"ஆச்சி?"

இருக்கா. பாட்டில் பாட்டிலா மருந்து ஏத்துனாங்க. கால் கட்டைவிரல் மட்டும் போச்சு. அந்தப் பதினோரு நிமிஷத்தாலதானான்னு டாக்டர்கிட்ட நேராக் கேட்டேன். சொல்லத் தெரியாதும்மான்னாரு.

மொத நாள் நர்ஸு, "பொம்பளை வார்டு, ஆம்பளைங்க வெளியே"ன்னாங்க. தாத்தா சரின்னு போய் விடிய விடிய வாசல்ல நின்னாரு. அப்புறம் ரெண்டாம் நாள், பார்க்கிற நேரம்னு தாத்தாவையும் உள்ளே விட்டப்போ, ஆச்சி கண்ணைத் திறந்தா. மொதல்ல கேட்டது தண்ணி இல்ல.

"கேட்டு சாத்தியிருந்துச்சோ?"

"ஆமா."

"முப்பிடாதி திறக்கேன்னிருப்பானே?"

"சொன்னான்."

"நீங்க?"

"நம்பர் குடுத்துட்டான், கோமு."

ஆச்சி "ம்"ன்னா. நீ கொட்டுற ம் இல்ல அது. அப்புறம் செவரைப் பார்த்துத் திரும்பிக்கிட்டா. "என் கண்ணு முன்னால நிக்காதீங்க. வீட்டுக்குப் போங்க."

தாத்தா அப்படியே கட்டிலுக்குக் கீழே தரையில உட்கார்ந்தாரு. நர்ஸு வந்து போகச் சொன்னாங்க. உட்கார்ந்திருந்தாரு. வாட்ச்மேன் வந்து லத்தியை டக் டக்னு தட்டி, "பெரியவரே, போர்டு கண்ணுக்குத் தெரியலையா?"ன்னான். "தெரியுது"ன்னாரு. ஒரு போர்டை மீறாத மனுஷன்டா அவரு. நான் வாயைப் பொளந்துட்டு நின்னேன்.

இன்னைக்குக் காலையில கஞ்சி கொண்டு போனேன். ஆச்சி இன்னும் செவரைத்தான் பார்க்கா. கீழே தாத்தா.

ம் கொட்டு. தர்ஷா? ஏ... சரி, கதை இம்புட்டுதான், நல்லா உறங்கு. தாத்தா எங்கேன்னு கேட்டேல்ல? வீட்டுக்குப் போங்கன்னு ஆச்சியே சொல்லிட்டா. அவர் போகல.