பள்ளத்து மிளாக்கள் படுத்துத் தூங்கின

ஈட்டிக்காட்டில் மிளாமான்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து வாழ்ந்தன. ஓடை துள்ளி இறங்குகிற மேட்டில் ஒரு கூட்டம். அதே ஓடை தேங்கிக் குளமாக நிற்கிற பள்ளத்தில் இன்னொரு கூட்டம். இனம் ஒன்றுதான், அரசரும் ஒருவர்தான். வல்லேறு என்ற காட்டெருமை அந்தக் காட்டை ஆண்டுவந்தார்.

பள்ளத்தில் மருதி என்ற இளம் மிளா இருந்தாள். குட்டியும் இல்லை, முழுசாக வளர்ந்தவளும் இல்லை, வளர்கிற வயது. ஒருநாள் விடிந்ததும் அவளும் அவள் தோழி பூவத்தியும் குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வந்தார்கள். இருவரும் இரவெல்லாம் காட்டின் எல்லையில் காவல் நின்றவர்கள். செந்நாய்கள் வந்தால் குரல் கொடுக்க வேண்டும். அது பள்ளத்து இளசுகளின் வேலை.

பூவத்தி கலங்கல் தண்ணீரில் வாய் வைத்தாள். இருமினாள். முழங்கால் மடிந்து அப்படியே சேற்றில் சரிந்தாள்.

“எழுந்திரு பூவத்தி! வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குப் போகலாம், எழுந்திரு!”

மருதி முட்டி முட்டிப் பார்த்தாள். பூவத்தி எழவே இல்லை.

அந்த மழைக்காலத்தில் அப்படிச் சரிந்தவள் அவள் மட்டும் இல்லை. பள்ளத்து இளசுகளுக்குக் கால் வளைந்தது, விலா எலும்பு தெரிந்தது, இருமல் விடவில்லை. மேட்டு இளசுகளோ கொழுகொழுவென்று வளர்ந்தன. பேச்சு காடெங்கும் பரவியது. வேறு வழியில்லாமல் அரசர் மேட்டில் சபை கூட்டினார்.

மருதி முதல் முறையாக மேடு ஏறினாள். பகலில் தூங்கி வழிகிறவளுக்கு அதுவரை அங்கே போக ஏது நேரம்? வழியில் பார்த்ததெல்லாம் அவளுக்குப் புதுசாக இருந்தது. நடு ஓடையில் அரசரின் எருமைப் படை சுகமாகப் புரண்டுகொண்டிருந்தது. அதற்குக் கீழே தண்ணீர் சேறு, மேலே கண்ணாடி! இன்னும் மேலே போனால் உப்புச்சத்துள்ள உவர்மண் திட்டு. மேட்டு இளசுகள் ஆசை தீர நக்கிக்கொண்டிருந்தன. மருதி நாக்கை நீட்டியதும் காவல் குரங்கு ஒன்று குச்சியை ஓங்கியது.

“ஏய்! இது மேட்டுப் பிள்ளைகளுக்கு. அரசர் உத்தரவு!”

மருதி நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

சபையில் கரடி வைத்தியர் எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தார்.

“அரசே, நோயின் மூலத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். சோம்பல்! ஒழுங்கற்ற பழக்கம்! வளர்கிற வயதில் தளிரும் உவர்மண்ணும் தின்ன வேண்டும். தெளிந்த நீர் குடிக்க வேண்டும். இருட்டியதும் படுத்துத் தூங்க வேண்டும். பள்ளத்துப் பிள்ளைகள் இதில் ஒன்றையாவது செய்கிறார்களா? இல்லை! பிறகு உடம்பு எப்படி விளங்கும்?”

மேட்டுக்காரர்கள் தலையாட்டினார்கள். மருதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள்.

“வைத்தியரே, மருந்து நல்ல மருந்துதான். எங்களுக்கு அதை யார் தருவது? உவர்மண்ணுக்குக் குரங்கு காவல். தண்ணீரில் எருமை குளிக்கிறது. இருட்டியதும் நாங்கள் படுத்தால் செந்நாய்க்குக் குரல் கொடுப்பது யார்? நீங்களா?”

“வாயைப் பார்!” என்றார் வைத்தியர்.

“வாய் மட்டும்தான் மிச்சம். பூவத்திக்கு அதுவும் போய்விட்டது!”

சபை சலசலத்தது. உடனே அமைச்சர் நயவன் என்ற நரி இதமாகச் சிரித்தபடி எழுந்தார்.

“குழந்தை வருத்தத்தில் பேசுகிறது. விஷயம் ரொம்பச் சின்னது, அரசே. பள்ளத்து ரத்தமே மெலிந்த ரத்தம். அதற்கு நாம் என்ன செய்ய முடியும்? நம் மேட்டு ரத்தத்தைப் பாருங்கள்! அதோ நிற்கிறாளே வாகை, மரத்தையே தாண்டிக் குதிக்கிறாள். அவளும் இவளும் ஒரே வயதுதான்!”

மருதி திரும்பிப் பார்த்தாள். வாகையின் பளபளக்கும் முதுகைப் பார்த்தாள். அவள் யார் என்பது தாய் சொல்லி மருதிக்குத் தெரியும். மருதியின் தாய்க்குப் பிறந்தது இரட்டைக் குட்டி. இரண்டுக்கும் பால் போதவில்லை. மேட்டில் பிள்ளையில்லாத சித்தி ஒருத்தி ஒன்றைத் தூக்கிப் போனாள். அதன்பிறகு மேட்டில் யாரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

“வாகை! உன்னைப் பெற்றவள் யார்? சபையில் சொல்!”

வாகை தரையைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற சித்தி அவள் காதருகே, “வாயைத் திறக்காதே. உன்னையும் கீழே தள்ளிவிடுவார்கள்!” என்று முணுமுணுத்தாள்.

‘சொல்ல மாட்டாள். நான் அவளாக இருந்தால் சொல்லியிருப்பேனா?’ என்று மருதி நினைத்துக்கொண்டாள்.

வாகை சித்தியை விட்டு விலகி, மெல்ல நடந்து வந்து மருதியை ஒட்டி நின்றாள்.

“இவள் அம்மாதான் எனக்கும் அம்மா. ஒரே வயிற்றில் ஒன்றாகக் கிடந்தோம். என் ரத்தமும் பள்ளத்து ரத்தம்தான்!”

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். முகம் ஒரே அச்சு. ஆனால் மருதியின் தலை வாகையின் தோள் வரைதான் வந்தது.

நரிதான் முதலில் சுதாரித்தார். “எங்கோ ஒன்று அப்படி அமையும், அரசே! அதை வைத்துக் காட்டின் வழக்கத்தை மாற்ற முடியுமா?”

அரசர் வல்லேறு கெட்டவர் இல்லை. ஆனால் சௌகரியத்துக்குப் பழகியவர். கொட்டாவியை அடக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

“பள்ளத்து இளசுகள் காலையில் மேடு ஏறி இறங்கி உடம்பைத் தேற்றிக்கொள்ளட்டும். காவல் வழக்கம்போல நடக்கட்டும்.”

“நடக்காது!” என்றாள் மருதி.

“அரசர் கட்டளையை மீறுகிறாயா?” என்று நரி சீறினார்.

“மீறவில்லை. வைத்தியர் கட்டளைக்குக் கீழ்ப்படிகிறோம். இருட்டியதும் படுத்துத் தூங்கச் சொன்னார். தூங்கப் போகிறோம்!”

“காட்டை விட்டே துரத்திவிடுவோம்!”

“துரத்துங்கள். அப்போதும் எல்லையில் நிற்க ஆள் இருக்காது!”

அன்று சூரியன் சாய்ந்ததும் பள்ளத்து மிளாக்கள் எல்லாம் முள்மூங்கில் புதருக்குள் புகுந்துகொண்டன. செந்நாய் நுழைய முடியாத அடர்த்தி. பெரியவர்கள் சிலர் நடுங்கினார்கள். “அரசரைப் பகைத்துக்கொண்டு எங்கே போய் வாழ்வது?” என்று கேட்டார்கள். மருதி, “பகைக்காதபோது மட்டும் வாழ்ந்தோமா?” என்று சொல்லிவிட்டுக் காலை மடித்துப் படுத்தாள். பிறந்ததிலிருந்து அப்படித் தூங்கியதில்லை என்னும்படி தூங்கினாள்.

எல்லை காலியாகக் கிடந்தது. செந்நாய்களின் ஊளை நெருங்கி வந்தது. அரசர் வேறு வழியில்லாமல் மேட்டு இளசுகளைக் காவலுக்கு இறக்கினார். ‘ஏன் பெரியவர்களை அனுப்பக் கூடாது?’ என்று மேட்டிலும் யாரும் கேட்கவில்லை. அந்த வேலை எப்போதும் இளசுகளுடையது என்றே பழகிவிட்டது. ஊர் வாயை அடைக்க அரசர் தன் மகனையும் அனுப்பினார்.

இரவெல்லாம் விழிப்பு. பகலில் அசதி. உவர்மண்ணுக்கு ஏறி வரத் தெம்பில்லை. தாகத்துக்குப் பக்கத்தில் இருந்தது பள்ளத்துக் குளம்தான். கொஞ்ச நாளிலேயே மேட்டு இளசுகளின் பளபளப்பு போனது. முதுகெலும்பு துருத்தியது. ஒரு காலையில் அரசகுமாரனே குளக்கரையில் முழங்கால் மடிந்து விழுந்தான்.

அரசர் தலைதெறிக்க ஓடிவந்தார். வைத்தியரும் நரியும் பின்னால் ஓடிவந்தார்கள். மருதி புதரைவிட்டு வெளியே வந்தாள்.

“சொல்லுங்கள், வைத்தியரே! அரசகுமாரனுக்கும் சோம்பலா? இவருக்கும் மெலிந்த ரத்தமா?”

வைத்தியர் மூக்கைச் சொறிந்தார். குளத்தை முகர்ந்து பார்த்தார். பிறகு அரசரை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

“அரசே, நான் சொன்ன மருந்தில் பிழையில்லை. அதை யாருக்கு எட்டாமல் வைத்திருக்கிறோம் என்று நான் பார்க்கவே இல்லை. இந்தத் தண்ணீரும் இந்தக் காவலும் யார் பிள்ளையையும் இப்படித்தான் ஆக்கும்.”

நரி குனிந்து அரசரின் காதில் கிசுகிசுத்தார். “இளவரசரை மட்டும் மேலே கொண்டுபோய்விடலாம், அரசே. மற்றவர்கள் எப்படியோ போகட்டும்.”

அது மருதியின் காதிலும் விழுந்தது.

“கொண்டுபோங்கள்! நாளைக்கு எல்லையில் நிற்பது யார் பிள்ளை? அதையும் இப்போதே சொல்லிவிட்டுப் போங்கள்!”

சுற்றி நின்ற மேட்டுத் தாய்மார்கள் முதல் முறையாகப் பள்ளத்துத் தாய்மார்களைப் பார்த்தார்கள். பிறகு அரசரைப் பார்த்தார்கள். வாகையின் சித்திதான் முதலில் ஒரு அடி முன்னே வைத்தாள். மற்றவர்களும் வந்து அவளோடு நின்றார்கள். அரசர் மகனின் இருமலைக் கேட்டார். நரியை விலகிப் போகச் சொன்னார்.

அன்றே எருமைப் படை குளிக்கும் இடத்தைக் குளத்தைத் தாண்டிக் கீழே மாற்றிக்கொண்டது. உவர்மண் திட்டை விட்டுக் குரங்குகள் போயின. காவல் வளர்ந்த மிருகங்களின் முறைவேலை ஆனது, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் சமமாக. வளர்கிற பிள்ளை எதுவும் இனி இரவில் எல்லையில் நிற்கக் கூடாது என்றும் முடிவானது.

“இவ்வளவு செய்திருக்கிறார், அரசருக்கு ஒரு நன்றி சொல்லக் கூடாதா?” என்று நரி மருதியிடம் கேட்டார்.

“எங்களுடையதை எங்களுக்கு விட்டதற்கு எதற்கு நன்றி? வழியை விடுங்கள், தண்ணீர் குடிக்க வேண்டும்” என்றாள் மருதி.

நரி வழிவிட்டார்.

வளரும் பிள்ளைகள் ஒரு பக்கம் மட்டும் வாடினால் பிழை அவர்கள் உடம்பிலோ பழக்கத்திலோ இல்லை, நீரையும் உணவையும் தூக்கத்தையும் நாடு பங்கிட்ட விதத்தில் இருக்கிறது. அதை எதிர்த்துக் கேட்காதவரை அது மாறாது.