கரடி நட்ட முதுகுக் கல்

ஒரு காட்டில் சடையன் என்று ஒரு கரடி இருந்தது. நான் கரடி விடவில்லை, குழந்தைகளே. கரடியைப் பற்றித்தான் சொல்கிறேன்.

சடையனின் குகை ஒரே இருட்டு. போதாக்குறைக்கு நாற்றம் வேறு. அதனால் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. சாயங்காலமானால் மற்ற மிருகங்கள் ஓடைக்கரையில் கூடி ஊர்வம்பு பேசும். சடையன் மட்டும் குகை வாசலில் உட்கார்ந்து தன் நகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு அழுகை அழுகையாக வரும்.

"நாலு பேர் உட்கார ஒரு நல்ல இடம் இருந்தா, வர மாட்டாங்களா என்ன?" என்று ஒருநாள் அதற்குத் தோன்றியது. குகைக்குப் பின்னால் கொல்லை சும்மாதானே கிடக்கிறது!

உடனே வேலையில் இறங்கியது. ஓடையிலிருந்து தட்டைக் கற்களைச் சுமந்து வந்து, உட்காருவதற்காக வட்டமாகப் போட்டது. கூழாங்கல் பரப்பி நடைபாதை அமைத்தது. குருவிகள் குளிக்க, குழிந்த பாறை ஒன்றை உருட்டி வந்து தண்ணீர் நிரப்பியது. கடைசியாக, நட்டநடுவில் ஒரு நீளக் கல்லைச் செங்குத்தாக நட்டது. அது எதற்கு? முதுகு சொறியத்தான். கரடிக்கு முதுகு அரித்தால் கை எட்டாது, பாவம்.

எல்லாம் முடிந்து பார்த்தால், கொல்லை அத்தனை அழகு! தன் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது சடையனுக்கு. சனியன் பிடித்தது அங்கேதான்.

முதலில் காட்டுப்பன்றி வந்தது.

"நில்லு, நில்லு! காலைக் கழுவிட்டு வா. இப்பத்தான் கூழாங்கல்லைத் தேய்ச்சு வச்சிருக்கேன்" என்றது சடையன்.

பன்றி கால் கழுவியது. அதன் பரம்பரையிலேயே அதுதான் முதல் தடவை.

"இந்தக் கல்லுல உட்காரட்டுமா?"

"ஐயையோ, பாசி நலுங்கிடும்."

"அப்ப இதுல?"

"அது இன்னும் காயலை."

"வேற எங்கதான் உட்கார?"

"கொஞ்சம் தள்ளி நின்னு பாரேன். நின்னு பார்த்தாத்தான் அழகு!"

அடுத்து முள்ளம்பன்றி வந்தது. "அக்கா, கிட்ட வராதீங்க. உங்க முள்ளு கல்லைக் கீறிடும்" என்றது சடையன். குரங்கு வந்தது. "தொடாதே!" நரி வந்தது. "வாலைத் தூக்கிப் பிடிச்சுக்கோ. தரையைக் கூட்டாதே. சத்தமும் போடாதே, குருவி பயப்படும்."

ஆக, வந்த விருந்தாளிகள் எல்லாம் கால் கழுவி, எட்ட நின்று, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிக்கொண்டு, கிசுகிசுவென்று பேசின. நரி அந்த வரிசையைப் பார்த்தது. நடுவில் நின்ற கல்லைப் பார்த்தது. மீசைக்குள் சிரித்துக்கொண்டது.

இத்தனை இருந்தும் சடையனுக்கு ஒரு குறை. நடைபாதை முனையில் ஒரு வெள்ளைக் கல் இருந்தால் எடுப்பாக இருக்குமே! அதைத் தேடி மலைக்கு அப்பால் கிளம்பியது.

"மூணு நாள்ல வந்துடுவேன். யாரும் எதையும் தொடக் கூடாது!"

"நான் பார்த்துக்கறேன் அண்ணே" என்றது நரி.

நன்றாகவே பார்த்துக்கொண்டது. சடையன் தலை மறைந்ததும், காட்டு மஞ்சளைத் தோண்டி மென்று கல் முழுக்கப் பூசியது. உச்சியில் ஒரு செம்பருத்திப் பூவை வைத்தது. பிறகு எல்லோரையும் கூப்பிட்டது.

"கால் கழுவாம உள்ளே வரக் கூடாது. தொடக் கூடாது. எட்ட நின்னுதான் பார்க்கணும். இதெல்லாம் எங்கே, சொல்லுங்க?"

"கோயில்ல" என்றது முள்ளம்பன்றி.

"அப்ப நடுவுல நிக்கறது யாரு?"

காட்டுப்பன்றி தடாலென்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது. குரங்கு கன்னத்தில் போட்டுக்கொண்டது, தன் கன்னத்தில் பாதி, பக்கத்தில் நின்ற முயலின் கன்னத்தில் பாதி. அன்றைக்கே தேனும் பலாச்சுளையும் வந்து குவிந்தன. எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னது நரி. அவர்கள் கண்ணைத் திறந்தபோது, "சாமி சாப்பிட்டாச்சு" என்று வாயைத் துடைத்துக்கொண்டது.

நாலாம் நாள் சடையன் வெள்ளைக் கல்லைத் தலையில் சுமந்தபடி திரும்பி வந்தது. தூரத்திலேயே கூட்டத்தின் சத்தம் கேட்டது.

"வந்துட்டாங்க! என் கொல்லைக்கு ஆள் வந்துட்டாங்க!" சடையனுக்குக் கண் கலங்கிவிட்டது. முதுகும் மூன்று நாளாகப் பொறுக்க முடியாமல் அரித்துக்கொண்டிருந்தது. கல்லைக் கீழே போட்டுவிட்டு நேராக ஓடிப்போய், நட்ட கல்லில் முதுகை வைத்துச் சரக் சரக்கென்று தேய்த்தது.

பூஜையில் கரடி புகுந்த மாதிரி என்று பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா? அன்றைக்கு நிஜமாகவே புகுந்தது. கொடுமை என்னவென்றால், அது கரடியின் சொந்தக் கொல்லை.

"அபசாரம்! அபசாரம்!" என்று எல்லோரும் சேர்ந்து சடையனைப் பிடித்து இழுத்தார்கள்.

"விடுங்க! என் முதுகு அரிப்புக்காக நான் நட்ட கல்லு இது!" என்று கத்தியது சடையன்.

"கேட்டீங்களா?" என்று குதித்தது நரி. "இத்தனை நாளா சாமி பேரு தெரியாம இருந்தோம். அரிப்பு தீர்த்த ஐயா!"

"அரிப்பு தீர்த்த ஐயா!" என்று காடே முழங்கியது. உண்ணி கடிக்காத மிருகம் எந்தக் காட்டில் இருக்கிறது? சற்று நேரத்திலேயே கூட்டம் இரண்டு மடங்காகிவிட்டது.

நரி சடையனின் காலைக் குனிந்து பார்த்தது. "ஏண்ணே, காலைக் கழுவுனீங்களா?"

சடையன் தன் காலைப் பார்த்தது. மலைச்சேறு முழங்கால் வரைக்கும் அப்பியிருந்தது.

"அப்ப தள்ளி நில்லுங்க. நின்னு பார்த்தாத்தான் அழகு." வெள்ளைக் கல்லையும் நரி வீணாக்கவில்லை. கால் கழுவுகிறவர்கள் ஏறி நிற்க, அதை வாசலில் போட்டுக்கொண்டது.

சடையன் வரிசையின் கடைசியில் போய் நின்றது. முன்னால் முள்ளம்பன்றி நின்றிருந்தது.

"அக்கா, அது வெறும் கல்லுன்னு உங்களுக்காவது தெரியாதா?"

"எப்படித் தெரியும் தம்பி? அன்னைக்கு ஒரு தடவை சாய்ஞ்சுக்க விட்டிருந்தா, கல்லுன்னு தெரிஞ்சிருக்கும்."

சடையன் தலையைக் குனிந்துகொண்டது. முதுகு மறுபடி நமநமவென்று அரித்தது. வெட்கத்தை விட்டுக் கேட்டது: "அக்கா, உங்க முள்ளால கொஞ்சம் சொறிஞ்சு விடறீங்களா?"

"ஐயையோ, கீறிடுமே!" என்று முள்ளம்பன்றி தள்ளி நின்றுகொண்டது.

நீதி: வந்தவரை உட்கார விடாதவன், கடைசியில் தன் வீட்டிலேயே நிற்பான்.