குன்வர் தொங்கவிட்ட சிவப்புக் கம்பளி

வடக்கே, வடக்கே, நினைச்சாலே குளிருற நார்வேங்கிற தேசத்துல ஒரு சின்ன ஊரு இருந்துச்சாம். ரெண்டு பக்கமும் செங்குத்தா மலை, நடுவுல கடல் கையை நீட்டினாப்ல உள்ள நுழைஞ்சு கிடக்கும். ஐப்பசி முடிஞ்சா சூரியன் மலைக்குப் பின்னால போயிரும், மாசியிலதான் திரும்ப எட்டிப் பாக்கும். சிரிக்காதே, நெசமாத்தான்.

எதிர்க்கரை மலையோட இடுப்புல ஒரு பாறைத் தட்டு, அதுல ஒத்த வீடு. அங்க குன்வர்னு ஒரு கிழவி. புருஷன் கடலோட போயிட்டான், துணைக்கு ரெண்டு ஆடுதான். கீழ இறங்க ஏணி இருக்கு, ஊருக்குப் போகப் படகு இல்ல. ஆள் வேணும்னா செவத்துல சிவப்புக் கம்பளியத் தொங்கவிடணும், அதைப் பாத்துப் படகுக்காரன் ஆஸ்முண்ட் வரணும். அதான் ஊர் வழக்கம்.

மொதத் தடவ தொங்கவிட்டா, வந்தான். "என்ன வேணும்?" "உப்பு வேணும் தம்பி." குடுத்துட்டுப் போயிட்டான்.

ரெண்டாந்தடவ தொங்கவிட்டா, வந்தான். "என்ன வேணும்?" "ஒண்ணும் வேணாம் தம்பி. செத்த உக்காந்து பேசிட்டுப் போ. ஆட்டுக்கிட்டயே பேசிப் பேசி மனுசப் பேச்சே மறந்துரும்போல இருக்கு." வந்துச்சே அவனுக்குக் கோவம்! "வெட்டிப் பேச்சுக்கா இம்புட்டுத் தூரம் துடுப்புப் போட்டேன்?"னு கத்திட்டுப் போயி, "கிழவி சும்மா தொங்கவிடுறா, யாரும் போகாதீங்க"ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டான்.

மூணாந்தடவ காய்ச்சலோட எந்திரிச்சுத் தொங்கவிட்டா. பாத்தான், மூஞ்சியத் திருப்பிக்கிட்டான், பாவி. ஆட்டுப்பாலக் குடிச்சே பொழச்சா. அந்தத் தனிமை யாருக்கும் வேணாம் கண்ணுகளா.

அப்புறம் என்னாச்சு, ஐப்பசிக் கடைசியில மீன் பிடிக்கப் போன ஆஸ்முண்டோட படகு சூறக்காத்துல அந்தப் பாறையிலயே மோதிச் சிதறிப் போச்சு. நனைஞ்ச கோழியாட்டம் ஏணியில ஏறி வந்தான். அவ கஞ்சி குடுத்தா, அடுப்போரம் படுக்கவச்சா.

விடிஞ்சதும் கம்பளியத் தொங்கவிட்டான். ஊர்ல பாத்தவங்க, "கிழவி சும்மா தொங்கவிடுறா"ன்னு போயிட்டாங்க. மறுநாளும் அதே பேச்சு. மூணாம் நாள் அக்கரையில சர்ச்சு மணி அடிச்சுச்சு. கறுப்புத் துணி கட்டிக்கிட்டு ஊரே தலையைக் குனிஞ்சு போகுது, முன்னால அவன் பொண்டாட்டி. கரை ஒதுங்கின படகுப் பலகையப் பாத்துட்டு, செத்துட்டான்னு நினைச்சு அவனுக்குத்தான் சாவு மணி! "ஏய், நான் இங்க இருக்கேன்!"னு கத்தினான். "இருக்கேன், இருக்கேன்"னு மலைதான் பதில் சொல்லுச்சு. உக்காந்து அழுதான்.

அழுது முடிச்சுட்டுக் கேட்டான், "ஏன் ஆத்தா என்னைத் திட்டவே இல்ல?"

"திட்டினா நீ பேசாம இருந்துருவ. எனக்குப் பேச ஆளு வேணும்பா."

குளிர்காலம் பூரா பேசினாங்க. மாசி வந்துச்சு. மொத வெயில் அந்தப் பாறைத் தட்டுலதான் விழும், அதைப் பாக்க ஊரே வாசலுக்கு வந்து அண்ணாந்து நிக்கும். அன்னைக்கும் நின்னாங்க. பாத்தா, வெயில்ல ரெண்டு பேர்! அலறியடிச்சுப் படகு வந்துச்சு.

அவன் போயிட்டான், அவ மறுபடி ஒத்தை. மறுநாள் காலையில வெறுமனே வெளிய வந்து பாத்தா, அக்கரையில ஆஸ்முண்ட் வீட்டுச் செவத்துல ஒரு சிவப்புக் கம்பளி தொங்குது, இந்தத் தடவ ஆள் தேடுறது அவன். கீழ இரவல் படகுல அவனே வந்துக்கிட்டு இருக்கான். "என்ன வேணும் தம்பி?"ன்னு அவ கத்தினா.

"ஒண்ணும் வேணாம் ஆத்தா. பேசத்தான் வந்தேன்."

கம்பளி காயட்டும், கதை ஓயட்டும். கூப்பிட்ட குரலுக்குப் போகாதவன் குரலுக்கு மலைதான் பதில் சொல்லும். படுங்க.