கடைசி வரி வரை

போஜன் எழுத்துப் பலகையின் கடைசி வரியையும் படித்துவிட்டார். ஒரு எழுத்துகூடத் தவறவில்லை. டாக்டர் நஸ்ரீனுக்கு அப்பாடா என்றிருந்தது.

இருக்காதா பின்னே? எட்டு மாதமாகக் கண்ணுக்குள் அழற்சி வந்து மனுஷர் பட்ட பாடு கொஞ்சமா? மாத்திரையும் ஊசியுமாகக் கொடுத்து அதை வடிய வைத்தவள் அவள்தான். இன்று சான்றிதழில் கையெழுத்து விழுந்தால், திங்கட்கிழமை போஜன் மறுபடியும் பள்ளிக்கூட வேனை எடுக்கலாம். கோத்தகிரி மலைப்பாதை. காலை ஏழு மணிப் பனி. பதினாலு பிள்ளைகள்.

பேனாவைத் திறந்தாள். பக்கத்தில் நின்ற வேதநாயகம் அதை வாங்கி மூடினார். இந்த நோயைப் பற்றி அவள் கற்றதெல்லாம் அவரிடம்தான்.

"பார்வையை அளந்தாச்சா?"

"ஆச்சு சார். கடைசி வரி வரை படிச்சிட்டார்."

அவர் போஜனைக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு விளக்கை அணைத்தார். அறை பனிமூட்டக் காலை மாதிரி மங்கிப்போனது. எழுத்துப் பலகை மட்டும் தன் உள்விளக்கில் பளிச்சென்று இருந்தது. சுவரின் நிறத்திலேயே ஒரு சாம்பல் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, போஜனுக்கும் பலகைக்கும் நடுவே, எழுத்தை மறைக்காமல் ஓரமாக நின்றார். நஸ்ரீனுக்கு அவர் நன்றாகவே தெரிந்தார், மூக்குக்கண்ணாடி முதற்கொண்டு. கேளு என்பதுபோல் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

"கண்ணைத் திறங்கண்ணா. மறுபடி படிங்க."

படித்தார். இப்போதும் ஒரு பிசகு இல்லை.

"ரூம்ல யாரெல்லாம் இருக்கோம்?"

"நீங்க, நான். பெரிய டாக்டர் வெளியே போயிட்டாரா?"

கேட்கும்போது போஜனின் கண்கள் வேதநாயகத்தின் முகத்தின் மேலேயே இருந்தன. அந்த இடத்தில் நிஜமாகவே யாரும் இல்லையோ என்று ஒரு கணம் நஸ்ரீனுக்கே பயமாகிவிட்டது.

"பலகைகிட்ட போங்க," என்றாள்.

போஜன் கைவீசி நடந்தார். நாலு அடி, ஐந்து அடி. சட்டென்று நின்றார்.

"டாக்டரம்மா, இங்க யாரோ மூச்சு விடுறாங்க."

கையை நீட்டினார். விரல்கள் சால்வையில் பட்டன. தோளைத் தொட்டு, கழுத்தைத் தொட்டு, முகத்துக்கு வந்தன.

"சார், நீங்க ஆறடி இருப்பீங்களா?"

"இருப்பேன்."

"கடைசி ஸ்டாப்புல ஒரு பாப்பா ஏறும். என் இடுப்பு உயரம்கூட இருக்காது."

போஜன் தடவிப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்தார். வேன் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

நஸ்ரீன் பலகையைப் பார்த்தாள். "பலகையில ஒரு எழுத்துகூடத் தப்பலையே சார்?"

"வெள்ளையில கறுப்பு தெரியுது. மங்கல்ல சாம்பல் தெரியலை," என்று வேதநாயகம் சால்வையை மடித்தார்.

"பலகை ரோட்டைக் கடக்காதும்மா."