மாமியார் அனுப்பிய கத்தரிக்காய்

நெடுங்கரை நாட்டை ஆண்ட உத்தண்டராயருக்குப் பகைவர் பயம் கிடையாது. அவர் பயந்ததெல்லாம் மாமியார் வடிவாம்பாளுக்குத்தான். அந்த அம்மாள் தன் தோட்டத்துக் கத்தரிக்காயை ஒரு கூடை நிறைய அனுப்பி, வெள்ளிக்கிழமை தானே வந்து எண்ணெய்க் கத்தரிக்காய் வைப்பதாகவும் அதுவரை வாடாமல் வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்லியனுப்பினார்.

போன வருஷமும் இப்படித்தான் ஒரு கூடை வந்தது. அம்மாள் வந்து பார்த்தபோது காயெல்லாம் சுருங்கிக் கிடந்தது. பார்த்தார். இந்த வீட்டில் ஒருவருக்கும் குடித்தனம் தெரியவில்லை என்று சொல்லி, மழைக்காலம் முடியும்வரை தங்கி மாப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தார். காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கும்வரை பேச்சு ஓயாது.

ராஜா தம் சபைப் புலவர் கொண்டல்ராயரைக் கூப்பிட்டார். "இந்தக் காய் வாடினால் மாமியார் தங்குவார். தங்கினால், பக்கத்தில் உட்கார்ந்து அவர் பேச்சைக் கேட்பது உம் உத்தியோகம்" என்றார். 

புலவர் நேரே மளிகை வைக்கும் உக்கிராண அறைக்குப் போனார். அங்கே ஒரு குறையும் இல்லை. காயைக் கழுவவில்லை, காம்பைக் கிள்ளவில்லை. மண்பானையில் போட்டு, பானைக்கு வெளியே ஈரத்துணி சுற்றி, காற்றோட்டமான நிழலில் வைத்திருந்தார்கள். பக்கத்தில் பழம் இருந்தால் காய் சீக்கிரம் கெடும் என்று வாழைப்பழத் தாரைக்கூட வேறு அறைக்கு மாற்றியிருந்தார்கள். பிறகு போன வருஷம் ஏன் வாடியது? புலவர் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்தார்.

சேனாபதி வந்தார். ஒரு காயை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கி, "பிஞ்சுதான்" என்று வைத்துவிட்டுப் போனார். வைத்தியர் வந்து இரண்டை அமுக்கினார். கத்தரிக்காயைக் கண்டால் நம் ஜனங்களுக்குக் கை சும்மா இருக்காதே. கடைசியாக மகாராஜாவே வந்தார். அவர் அமுக்கிய அமுக்கில், கட்டைவிரல் மோதிரத்தின் முத்திரை காயில் அப்படியே பதிந்துவிட்டது.

குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. சொல்லத்தான் முடியாது. முத்திரை விழுந்த காயையும் மற்ற அடிபட்ட காய்களையும் புலவர் அன்றைக்கே சாம்பாரில் போடச் சொல்லிவிட்டுச் சபைக்குப் போனார்.

"மகாராஜா, அது சாதாரணக் காய் இல்லையாம். பொய் சொன்னவர்கள் விரல் பட்டால் உடனே சொதசொதத்துப் போகுமாம். உண்மை பேசுகிறவர்கள் எத்தனை தடவை அமுக்கினாலும் ஒன்றும் ஆகாதாம். எல்லாரும் தாராளமாக வந்து அமுக்கிப் பார்க்கலாம்" என்றார்.

 வெறுங்கையால் புலியைக் கொன்ற கதையை வாரம் தவறாமல் சொல்லும் சேனாபதிக்குத் திடீரென்று கை சுளுக்கிக்கொண்டது. வைத்தியருக்கு ஊரிலிருந்து அவசர அழைப்பு வந்தது. ராஜா மட்டும் பழக்க தோஷத்தில் உக்கிராண வாசல் வரை போனார். 'அத்தை எப்போது வருவார் என்று ஏங்கிப்போய் இருக்கிறேன்' என்று அன்று காலைதான் அவர் சொல்லியனுப்பியிருந்தார். அது ஞாபகம் வந்ததும் அப்படியே திரும்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை வடிவாம்பாள் வந்தார். பானையைத் திறந்தால் காயெல்லாம் பளபளவென்று கிடந்தது. அம்மாளுக்கு முகம் மலர்ந்தது. ஒன்றை எடுத்து நீட்டினார்.

"நீங்களே அமுக்கிப் பாருங்க மாப்பிள்ளை, எவ்வளவு இளசுன்னு."

ராஜா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "நீங்கள் சொன்னால் போதாதா, அத்தை?" என்றார். அம்மாளுக்கு அந்த மரியாதை ரொம்பப் பிடித்துப்போயிற்று. சமைத்தார், பரிமாறினார். இனி இந்த வீட்டில் தனக்கு வேலை இல்லை என்று சொல்லி மறுநாளே வண்டி ஏறினார்.

வண்டி கண்ணுக்கு மறைந்ததும் ராஜா புலவரைத் தனியே அழைத்தார். "உண்மையைச் சொல்லும். அந்தக் காய் நிஜமாகவே பொய்யைக் கண்டுபிடிக்குமா?"

"தெரியவில்லை மகாராஜா. சோதித்துப் பார்க்க நம் அரண்மனையில் ஒரு விரல்கூட முன்வரவில்லை."

"உம் விரல் என்ன ஆயிற்று?"

"அந்தக் கதையைக் கட்டிவிட்ட நேரத்திலிருந்து, அதுவும் பானைப் பக்கம் போகப் பயப்படுகிறது."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, கட்டைவிரல் மோதிரத்தைக் கழற்றிப் புலவர் கையில் வைத்தார்.

"இது உம்மிடமே இருக்கட்டும். அன்றைக்குச் சாம்பாரில் என் முத்திரையைப் பார்த்தேன்."