பேரம் முடிந்த பிறகு

கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்கிறவர் நாச்சிமுத்து. அறுபதை ஒட்டிய வயதில் அவர் ஒரு டீச்சரிடம் மாணவராகச் சேர்ந்தார். டீச்சர் பெயர் மெஹருன்னிசா. நாச்சிமுத்துவின் மகள் வயதுதான் இருக்கும். சிறுதொழில் சங்கத்து மாடியில் சனிக்கிழமைதோறும் கம்பெனிக்காரர்களுக்கு ஏஜென்ட் மென்பொருளைப் பழக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஏஜென்ட் என்றால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கொள்முதல் ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். யாரிடம் சரக்கு வாங்குவது என்று அதுவே நாலு இடத்தில் விசாரிக்கும். தரம், விலை, சொன்ன நாளுக்குச் சரக்கு வருமா என்பதையெல்லாம் எடைபோடும். எதிர்ப்பக்கத்து ஏஜென்ட்டோடு பேரம் பேசி ஆர்டரையும் போட்டுவிடும்.

நாச்சிமுத்து கவனமாகக் கற்றார். கம்பெனியில் கொண்டுபோய் வைத்தார். ஓட்டை விழுந்த வார்ப்புகளைத் திருப்பி அனுப்பும் வேலை குறைந்தது. சரக்குக்குக் காத்திருந்து மெஷின் நிற்பதும் நின்றது.

ஒரு வருஷம் போனது. ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிப் போன பிறகும் அவர் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை.

“டீச்சரம்மா, ஒரு சந்தேகமுங்க.”

“கேளுங்ணா.”

“நம்ம ஏஜென்ட்டைக் கொஞ்சம் முட்டாளாக்க முடியுங்களா?”

மெஹருன்னிசா சிரிக்கவில்லை. “ஏன், தப்பான ஆளை எடுத்திருச்சா?”

“இல்லீங்க. சரியான ஆளைத்தான் எடுக்குது. பம்பு பாடி வார்க்கறதுக்கு ஒவ்வொரு தடவையும் தேவசகாயத்தைத்தான் எடுக்குது.”

“அவர்கிட்ட என்ன குறை?”

“ஒரு குறையும் இல்லீங்க.”

தேவசகாயம் இரும்பு வார்க்கும் பவுண்டரி வைத்திருக்கிறவர். இருவரும் தொழில் தொடங்கிய நாளிலிருந்து ஒருவருக்கொருவர் பழக்கம். ஆர்டர் என்றால் தேவசகாயமே நேரில் வந்துவிடுவார். காலையில் உட்கார்ந்தால் விலைக்காக ஒரு சண்டை. கோபித்துக்கொண்டு எழுவார். வாசல்வரை போய்விட்டு, தன் மகளுக்கு வரன் பார்ப்பதைப் பற்றி ஏதோ ஞாபகம் வந்து திரும்புவார். மத்தியானம் ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டு, இருவரும் காலையிலேயே மனதில் வைத்திருந்த விலைக்கு ஒத்துக்கொள்வார்கள்.

“இப்ப ரெண்டு ஏஜென்ட்டும் ஒரு வாய் டீ குடிக்கறதுக்குள்ள பேசி முடிச்சிருதுங்க. அவர் பவுண்டரி லாரி வருது, போகுது. அவர் வர்றதில்லை.” நாச்சிமுத்து ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். “அவருக்குக் கண் ஆபரேஷன் ஆயிருக்குங்க. ரெண்டு மாசம் கழிச்சு, ஒரு கல்யாண வீட்டுல வேற யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த ரெண்டு மாசமும் சரக்கு மட்டும் தவறாம வந்துட்டிருந்துச்சு.”

மெஹருன்னிசா லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார். அடுத்த ஆர்டருக்கான அமைப்பில் ஒன்றை மட்டும் மாற்றினார்.

“இந்தத் தடவை அது ஆளை மட்டும் சொல்லும். விலை பேசாது. நீங்களே பேசிக்குங்க.”

நாச்சிமுத்து மாப்பிள்ளை மாதிரி படியிறங்கிப் போனார்.

அடுத்த சனிக்கிழமை எல்லோருக்கும் முன்பாகவே வந்து உட்கார்ந்திருந்தார். முகம் வாடியிருந்தது.

“பேசுனீங்களா?”

“பேசுனனுங்க.”

“என்ன சொன்னார்?”

“‘என்ன நாச்சி, நீயே கூப்பிடறே? ஏஜென்ட்டுக்கு ஏதாச்சும் கோளாறா?’ன்னாரு. இல்லப்பா, இந்தத் தடவை ரேட்டை நாமளே பேசிக்கலாமேன்னேன். ‘அதுக்கெதுக்குப்பா மெனக்கெடறே? போன தடவை ரேட்டையே போட்டுக்கோ’ன்னுட்டாரு.”

“சண்டையே போடலையா?”

“போடலீங்க. எப்பவும் போடற ஆளு, ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசலீங்க.”

“அப்புறம்?”

“அவரும் அதையேதான் கேட்டாரு. ‘அப்புறம்?’னு. அப்புறம் ஒண்ணுமில்லைன்னேன். வெச்சிரட்டான்னாரு. வெச்சிருன்னேன்.”

மெஹருன்னிசா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: “போனை முதல்ல யார் வெச்சாங்க?”

நாச்சிமுத்து யோசித்தார். இதுவரை அதை அவர் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

“ரெண்டு பேருமே வெக்கலீங்க. அந்தப் பக்கம் பவுண்டரி சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு. இந்தப் பக்கம் என் லேத்து மெஷின் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். ரொம்ப நேரம் அப்படியே இருந்தோம். அப்புறம் லைன் தானா கட் ஆயிருச்சு.”

“நேர்ல போக வேண்டியதுதானே, அண்ணா?”

“கார் எடுத்தனுங்க. பாதி வழி போயிட்டுத் திரும்பிட்டேன். போய் என்னன்னு சொல்றது? ஆர்டர் போட்டாச்சு. ரேட்டு முடிஞ்சுது. சரக்குல ஒரு பழுது இருந்தாலாவது அதைச் சாக்கா வெச்சுப் போலாம். அதுவும் இல்லை.” அவர் குரல் தணிந்தது. “அத்தனை வருஷமும் ஏதோ ஒரு காரணம் இருந்துச்சுங்க. இப்ப அவர் வீட்டுக்குப் போக எனக்கு ஒரு காரணமும் இல்லீங்க, டீச்சரம்மா.”

படியில் மற்ற மாணவர்கள் ஏறி வரும் சத்தம் கேட்டது. மெஹருன்னிசா எழுந்தார்.

“அப்படின்னா இன்னைக்குப் போங்கண்ணா. முதல் தடவையா, அவரைப் பார்க்கறதுக்குன்னே போவீங்க.”