பாலத்துல நின்ன லூ ஷான்

ஒரு ஊர்ல ஒரு தொப்பைக்காரத் தளபதி இருந்தாராம். ஊரு சீனாவுல. அந்தச் சீனா எங்க? இந்தச் சித்தியோட போனுக்குள்ள! சிரிக்காத தேனு, ம் கொட்டு.

"ம்."

அவர் பேரு லூ ஷான். கையில ஆள் ஒசரத்துக்கு ஒரு வாளு. நான் விரல வெச்சு எங்க காட்டுறேனோ அங்க போவாரு. நான் ஒரு தடவ நகத்தினா, அப்புறம் எதிரி ஒரு தடவ நகருவான். அதான் ஆட்டம். மூணு மாசமா அவர வளத்தேன். "கல்யாண வயசுல என்னடி வெளையாட்டு"ன்னு உங்கம்மா திட்டினா. போடின்னுட்டேன்.

அப்புறம் ஒரு நாள் பெரிய சண்டை. ஆத்துக்கு அந்தப் பக்கம் எதிரிப் படை. இந்தப் பக்கம் நம்ம சனம், கெழவி, கைக்கொழந்த, ஆடு மாடு எல்லாம். அவங்க ஆத்தோட போக்குலயே தப்பிச்சுப் போக ஆறு படகு. எல்லாரும் ஏறி முடிக்கிற வரைக்கும் லூ ஷான் எதிரியத் தடுக்கணும். ஆத்துக்குக் குறுக்க ஒரே ஒரு மரப்பாலம்.

"எதிரி வந்துட்டானா?"

வந்தான்! டக்டக் டக்டக்குன்னு குதிர! நான் ஒரு அவசரக்குடுக்க, அவர அந்தக் கரைக்கே அனுப்பிட்டேன். சரக் சரக்குன்னு பத்துப் பேர வெட்டினாரு. அப்போ மிச்சப் பேரு அவரச் சுத்திக்கிட்டுப் பாலத்துல ஓடி வந்து படகுக்குத் தீ வெச்சுட்டாங்க. போச்சு! ஆட்டத்த சேவ் பண்ணாம அணைச்சுட்டு மறுபடி தொறந்தேன். அப்படிச் செஞ்சா நடந்ததெல்லாம் நடக்காத மாதிரி ஆயிடும்.

ரெண்டாவது தடவ படகுகிட்டயே நிறுத்தினேன். விஷ்க் விஷ்க்குன்னு அம்பு! படகோட்டி ஒருத்தன்கூட மிச்சமில்ல. மறுபடி அணைச்சேன்.

மூணாவது தடவ பாலத்து நடுவுல நிறுத்தினேன். குறுகலான பாலம், ஒவ்வொருத்தனாத்தான் வர முடியும். டங்! டங்! ஒரு படகு போச்சு, ரெண்டு போச்சு, அஞ்சு போச்சு! ஆனா அவரு உசுரு ஒரு துளி செவப்புக் கோடாத்தான் மிச்சம். கடைசிப் படகுல இன்னும் ஏறிட்டிருக்காங்க. எதிர்ல நூறு பேரு. அப்போ பாக்குறேன், வெட்டுற பொத்தான் எதிரி மேல மட்டுமில்ல, பாலத்து மேலயும் மின்னுது!

"பாலத்தையே வெட்டலாமா?"

வெட்டலாம்டி! ஆனா அவரு அதுமேலதான நிக்கிறாரு? இருந்தாலும் அமுக்கிட்டேன். படார்! தடதடதட... தொபுக்கடீர்! எதிரியும் ஆத்துல, அவரும் ஆத்துல. கடைசிப் படகு கெளம்பிடுச்சு.

"அவரு?"

வரல தேனு. "சேவ் பண்ணவா?"ன்னு போனு கேக்குது. ஆமான்னா அவரு போனது போனதுதான். வேணாம்னா அவரு பொழச்சு வருவாரு, ஆனா சனமெல்லாம் மறுபடி கரையில நிக்கும். நாலாவது தடவ ஜெயிப்பேன்னு என்ன நிச்சயம்? அவங்க சாகுறத ரெண்டு தடவ பாத்துட்டேன்.

"அணைச்சியா சித்தி?"

இல்லடி. ஆமான்னு அமுக்கிட்டு ஓன்னு அழுதேன். உங்கம்மா பயந்து ஓடி வந்தா.

இப்பவும் ஆடுறேன். இப்ப என் படையில பன்னெண்டு தளபதி நிக்க எடமிருக்கு. நான் பதினொருத்தரோடதான் போறேன். தோத்தாலும் பரவாயில்ல, அவரு எடத்துல யாரையும் நிறுத்த மாட்டேன்.

படகு கரை சேந்தாச்சு, கதையும் கரை சேந்தாச்சு. நீ கண்ண மூடு.